பழைய பைக்கில் ஃபோர்க் ஆயில் மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னைத் தெருக்களில் இருபது, முப்பது வருடம் ஓடிய பைக்குகள் இன்னும் நிறைய உண்டு. ஆர்எக்ஸ் 100, பழைய ஸ்ப்ளெண்டர், சிடி 100, திருவொற்றியூர் ஆலையில் செய்த புல்லட். இவற்றை வைத்திருப்பவர்கள் இன்ஜின் ஆயிலைக் கணக்காக மாற்றுவார்கள், செயினுக்கு எண்ணெய் விடுவார்கள், கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்வார்கள். ஃபோர்க் எனப்படும் முன் ஷாக்குக்குள் இருக்கும் ஆயிலை மட்டும் பெரும்பாலும் நினைப்பதில்லை. ஆயிலை வெளியே விடாமல் தடுக்கும் ரப்பர் வளையமான சீல் கிழிந்து வெளியே வழியும்போதுதான் அப்படி ஒன்று உள்ளே இருப்பதே ஞாபகத்துக்கு வருகிறது. அப்போதும் கையில் கிடைத்த ஆயிலைக் கண்ணளவில் ஊற்றி மூடிவிடுகிறார்கள். இது முழுக்க அளவு சம்பந்தப்பட்ட வேலை. கண்ணளவு இங்கே செல்லாது.

அந்த ஆயில் உள்ளே என்ன செய்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளலாம். வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். பள்ளத்தில் அமுங்கிய ஸ்பிரிங் அதே வேகத்தில் மேலே எகிறப் பார்க்கும். அதை அடக்கி மெதுவாக எழவைப்பது ஆயில். ஃபோர்க் அமுங்கும்போதும் எழும்போதும் ஆயில் சின்னச் சின்ன ஓட்டைகள் வழியாகப் புகுந்து போக வேண்டும். அந்தத் தடைதான் வண்டியை நிதானமாக வைக்கிறது. வருடக்கணக்கில் ஓடிய ஆயிலில் தேய்ந்த உலோகப் பொடியும் ஈரமும் சேர்ந்து சாம்பல் நிறமாகி நாற்றம் அடிக்கும், தடுக்கும் சக்தியும் குறைந்துவிடும். சோதித்துப் பார்ப்பது எளிது. முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டில்பாரை அழுத்தி விடுங்கள். ஒரே மூச்சில் எழுந்து நின்றால் நல்லது. இரண்டு மூன்று முறை குதித்தால் ஆயில் மாற்றும் நேரம் வந்துவிட்டது.

நான் அதிகம் பார்க்கும் தவறு, மிச்சமிருக்கும் இன்ஜின் ஆயிலை ஊற்றுவது. 'எல்லாம் ஆயில்தானே' என்பது பட்டறைகளில் சகஜமாகக் கேட்கும் பேச்சு. இன்ஜின் ஆயில் வேறு வேலைக்காகத் தயாரித்தது. அழுக்கைக் கரைத்து வைத்துக்கொள்ளும் பொருட்கள் அதில் உண்டு, கெட்டித்தன்மையும் மிக அதிகம். 10 டபிள்யூ ஃபோர்க் ஆயில் பொதுவாக 40 டிகிரி செல்சியஸில் முப்பது சென்டிஸ்டோக்கை (ஆயிலின் கெட்டித்தன்மையை அளக்கும் அலகு) ஒட்டி இருக்கும். அதே சூட்டில் 20 டபிள்யூ 40 இன்ஜின் ஆயில் நூறைத் தாண்டும். மூன்று மடங்குக்கும் மேல்! அந்த ஆயில் ஓட்டைக்குள் புகத் திணறுவதால் சின்னப் பள்ளத்தின் அடி அப்படியே கைக்கு வரும். அடுத்தடுத்து வேகத்தடைகள் வந்தால் ஃபோர்க் முழுதாக எழுவதற்குள் அடுத்த அடி விழும்.

ஃபோர்க் ஆயிலே வாங்கினாலும் டப்பாவில் போட்டிருக்கும் 10, 15 என்ற எண்ணை மட்டும் நம்பக்கூடாது. அந்த எண் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒருவருடைய 10 இன்னொருவருடைய 15-க்குப் பக்கத்தில் நிற்கும். பின்பக்கம் 40 டிகிரியில் எத்தனை சென்டிஸ்டோக் என்று போட்டிருந்தால் அதை வைத்து ஒப்பிடுங்கள். 40 டிகிரி என்பது நம் மே மாத மதிய வெயில், ஆகவே அந்தக் கணக்கு சென்னைக்கு நன்றாகவே பொருந்தும். மேனுவலில் ஏடிஎஃப் என்று போட்டிருக்கும் பழைய மாடல்களும் உண்டு. அவற்றில் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கான அந்த ஆயிலைத் தயங்காமல் ஊற்றலாம்.

முன்பக்கம் தொய்ந்து நிற்கிறது என்பதற்காகக் கெட்டி ஆயில் தேடுபவர்களும் இருக்கிறார்கள். ஆயில் வண்டியைத் தூக்கி நிறுத்தாது. ஸ்பிரிங்கை வெளியே எடுத்து நீளத்தை அளந்து, மேனுவலில் சொன்ன குறைந்தபட்ச நீளத்தோடு ஒப்பிடுங்கள். அதைவிடக் குட்டையாக இருந்தால் ஸ்பிரிங்கைத்தான் மாற்ற வேண்டும்.

அடுத்தது அளவு. இதை நிதானமாகப் படியுங்கள். மேனுவலில் ஒரு பக்கத்துக்கு இத்தனை மில்லி என்று இருக்கும். அது ஃபோர்க்கை முழுதாகப் பிரித்து, துடைத்து, காய்ந்த நிலையில் மாட்டும்போது ஊற்ற வேண்டிய அளவா, பழையதை வடித்துவிட்டு ஊற்றும் அளவா என்று பாருங்கள். வடித்தால் மட்டும் எல்லாம் வந்துவிடாது. கொஞ்சம் ஆயில் சுவரிலும் அடியிலும் ஒட்டிக்கொண்டு தங்கிவிடும். அதன் மேல் முழு அளவையும் ஊற்றினால் மிகுந்துபோகும்.

மிகுந்தால் என்ன என்று கேட்கலாம். ஃபோர்க்கின் குரோம் குழாயான பைப்பில், ஆயிலுக்கு மேலே இருக்கும் காலி இடத்தில் காற்று இருக்கிறது. ஃபோர்க் அமுங்க அமுங்க அந்தக் காற்றும் அமுங்கி, இரண்டாவது ஸ்பிரிங்காக வேலை செய்யும். ஆயில் கூடினால் காற்றுக்கு இடம் குறையும், பாதி அமுங்கும்போதே அழுத்தம் ஏறும். ஃபோர்க் கல்லாக இறுகும், சீலும் பிதுங்கிக் கசியத் தொடங்கும். புது சீல் போட்ட ஒரு மாதத்திலேயே கசிகிறது என்று குறைப்பட்டுக்கொள்பவர்கள் சீலைத் திட்டுவதற்கு முன் ஆயில் அளவைப் பார்ப்பது நல்லது. குறைவாக ஊற்றினாலும் தப்பு. ஆயிலோடு காற்று கலந்து நுரைக்கும், தடை போய்விடும், பள்ளத்தில் ஃபோர்க் அடிவரை போய் 'டங்' என்று இடிக்கும்.

ஆகவே மில்லியில் ஊற்றிவிட்டு, உயரத்தில் சரிபார்ப்பதுதான் நல்ல முறை. ஸ்பிரிங்கை வெளியே எடுத்து, ஃபோர்க்கைச் செங்குத்தாக நிறுத்தி, பைப்பை மெதுவாகப் பத்துப் பதினைந்து முறை மேலும் கீழும் இழுத்து உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றுங்கள். கொஞ்ச நேரம் விட்டு, பைப்பை முழுதாக உள்ளே அமுக்கி, பைப் வாயிலிருந்து ஆயில் மட்டம் வரை அளக்க வேண்டும். மேனுவலில் மில்லிமீட்டரில் கொடுத்திருப்பது இந்தத் தூரம்தான். மெடிக்கல் ஷாப்பில் ஒரு பெரிய சிரிஞ்சும் ஒரு மெல்லிய ட்யூபும் வாங்கிக்கொள்ளுங்கள். ட்யூபில் அந்தத் தூரத்துக்குக் குறி போட்டு உள்ளே விட்டு, மிகுந்த ஆயிலை உறிஞ்சி எடுத்தால் மட்டம் தானாகவே சரியாக நின்றுவிடும். அதே சிரிஞ்சு, அதே குறியோடு இரண்டாவது பக்கத்தையும் செய்தால் இரண்டும் சமமாக வரும். இரண்டு பக்கமும் சமமாக இருப்பது முக்கியம். ஒரு பக்கம் கசிந்தது என்று அந்தப் பக்கத்துக்கு மட்டும் புது ஆயில் ஊற்றி விடாதீர்கள்.

இனி உடம்புக்கே ஆபத்தான தவறு. பல வண்டிகளில் பைப்பின் மேல்மூடி, அமுங்கிய ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொண்டு இருக்கிறது. கடைசி மரை கழன்றதும் அது துள்ளி எழும். முகத்தை நேர்மேலே வைத்துக்கொண்டு கழற்றாதீர்கள். உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தபடி கழற்றுங்கள், பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். சில மாடல்களில் மரை இருக்காது. மூடியை அழுத்தி அதன் மேலிருக்கும் வட்டக் கம்பியை எடுக்க வேண்டியிருக்கும். அதற்கு இரண்டு பேர் தேவை. முன் சக்கரம் தரையில் இருக்கும்போதே இரண்டு மூடிகளையும் கழற்றினால் வண்டி அப்படியே உட்கார்ந்துவிடும். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, இன்ஜினுக்கு அடியில் பலகையும் ஜாக்கியும் வைத்து முன்பக்கத்தைத் தூக்கிய பிறகு தொடங்குங்கள்.

ஃபோர்க்கை வெளியே எடுத்த பிறகு இறுகிய மூடியோடு மல்லுக்கட்டுவதும் வழக்கமாக நடக்கிறது. மேல் பிளேட்டில் பைப்பைப் பிடிக்கும் போல்ட்டை முதலில் தளர்த்தி, கீழே உள்ளது இறுக்கமாக இருக்கும்போதே மூடியைக் கொஞ்சம் அசைத்து விட்டால் வேலை முடிந்தது. மேல் போல்ட் இறுகியிருந்தால் அது மூடியின் மரையையும் சேர்த்துக் கவ்வும். பலம் போட்டால் மரைதான் கெடும்.

பைப் ஏறி இறங்கும் கீழ்க் குழாயான பாட்டத்தின் கீழே வடிக்கும் ஸ்க்ரூ இருக்கும் வண்டிகளில் அதைத் திறந்து வடித்தால் போதும் என்று நினைப்பார்கள். பல வருடம் மாற்றாத ஃபோர்க்கில் சேறு போன்ற கசடு அடியில் படிந்திருக்கும். அது அந்த ஓட்டை வழியாக வராது. 2015 டிசம்பர் வெள்ளத்திலோ 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலோ மூழ்கிய வண்டி என்றால் முழுதாகப் பிரித்துத்தான் ஆக வேண்டும். வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் பழைய வண்டி வாங்குபவர்கள் இதைக் கேட்டே வாங்குங்கள். வடித்த ஆயில் பால் கலந்தது போல் வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. மண்ணெண்ணெய் விட்டுக் கழுவலாம், ஆனால் முழுதாக வடிந்து காய வேண்டும். மிச்சம் இருந்தால் புது ஆயிலை நீர்க்கவைத்துவிடும்.

கடற்கரைக்காரர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். திருவான்மியூர், பெசன்ட் நகர், ராயபுரம், காசிமேடு, எண்ணூர் பக்கம் நிற்கும் வண்டிகளில் உப்புக் காற்று பைப்பின் குரோம் பூச்சைப் புள்ளி புள்ளியாக அரித்துவிடும். சீல் ஏறி இறங்கும் பகுதியில் நகத்துக்குத் தட்டுப்படும் அளவு குழி இருந்தால், எத்தனை புது சீல் போட்டாலும் அது அறுத்துக்கொண்டே இருக்கும். சீல் மாற்றுவதற்கு முன் பைப் முழுவதும் நகத்தால் தடவிப் பாருங்கள். குழி ஆழமாக இருந்தால் புது பைப் போட வேண்டும்; கிடைக்காத மாடல் என்றால் அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் ஹார்ட் குரோம் போடும் பட்டறைகளில் கேட்கலாம். புதுப்பேட்டையில் பழைய பைப் வாங்கினால் அங்கேயே ஒரு தட்டையான கண்ணாடி மேல் உருட்டிப் பார்த்துவிடுங்கள். வளைந்த பைப் தடுமாறி உருளும், அதை எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.

சீலை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுக்கும்போது பாட்டத்தின் உள்சுவரில் கீறல் விழுந்தால் அந்த வழியாகவே கசியும். துணி வைத்து நெம்புங்கள். புது சீலின் சுருள் கம்பி உள்ள பக்கம் கீழே, ஆயிலைப் பார்த்து இருக்க வேண்டும். பைப் வாயில் ஒரு பிளாஸ்டிக் உறையைப் போர்த்தி, ஆயில் தடவி இறக்கினால் சீலின் உதடு கிழியாது. அடியில் உள்ள ஆலன் போல்ட்டின் செம்பு வாஷரையும் புதிதாகப் போடுங்கள். சில ரூபாய் பொருள். பழையதையே போட்டால் அடியில் சொட்டும்.

மாட்டும்போது எல்லாவற்றையும் ஒரேயடியாக இறுக்காதீர்கள். ஆக்சில் நட்டை இறுக்கி, வண்டியைக் கீழே இறக்கி, முன் பிரேக்கைப் பிடித்து நாலைந்து முறை அழுத்திவிட்டு, அப்புறம்தான் ஆக்சிலைக் கவ்வும் போல்ட் இருந்தால் அதை இறுக்க வேண்டும். இல்லையென்றால் ஃபோர்க்கின் இரண்டு கால்களும் கோணலாக நின்று, ஏறி இறங்கும்போது உராயும்.

டிஸ்க் பிரேக் உள்ள வண்டியில் வேலை தொடங்கும் முன்பே டிஸ்க்கையும் காலிப்பரையும் பிளாஸ்டிக் பையால் மூடிவிடுங்கள். ஒரு சொட்டு விழுந்தாலும் பிரேக் கிளீனரால் துடைத்த பிறகே ஓட்ட வேண்டும். பேடில் ஊறியிருந்தால் பேடை மாற்றுங்கள். வடித்த பழைய ஆயிலை மழைநீர்க் கால்வாயில் கொட்டாதீர்கள். அது கூவம், பக்கிங்ஹாம் கால்வாய் போன்றவற்றில்தான் போய்ச் சேரும். டப்பாவில் பிடித்து, கழிவு ஆயில் சேர்க்கும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். ஒரு வாரம் ஓட்டிய பிறகு சீலுக்கு அடியிலும் ஆலன் போல்ட்டைச் சுற்றியும் ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். கறை ஒட்டினால் அன்றைக்கே திறந்து பார்த்துவிடுவது நல்லது.