அமெரிக்க மாநிலப் போக்குவரத்துத் திட்டங்கள்: தவறான ஆவணத்தை நம்பாதீர்கள்

உங்கள் ஊருக்கு ரயில் வரும், சாலையோரம் நடைபாதை போடுவார்கள் என்று மாநிலத்தின் நீண்டகாலத் திட்டத்தில் இருந்தால் உடனே சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். பலரும் ஏமாறுவது இங்கேதான்.

1991-ல் ஐஸ்டீ (ISTEA) என்ற கூட்டாட்சிப் போக்குவரத்துச் சட்டம் வந்ததிலிருந்து ஒவ்வொரு மாநிலமும் இரண்டு ஆவணங்கள் தயாரித்தாக வேண்டும். ஒன்று, குறைந்தது 20 ஆண்டுகளுக்கான நீண்டகாலத் திட்டம். சாலை, ரயில், பேருந்து, சைக்கிள் என்று எல்லாம் அதில் இருக்கும். பணம் எங்கிருந்து வரும் என்று காட்டும் கட்டாயம் மட்டும் இல்லை. கூட்டாட்சி அரசின் ஒப்புதலும் வேண்டியதில்லை. மற்றொன்று ‘ஸ்டிப்’ (STIP) எனப்படும் பணிப்பட்டியல், குறைந்தது 4 ஆண்டுகளுக்கானது. இதற்குத்தான் நிதி ஆதாரம் காட்ட வேண்டும். கூட்டாட்சியின் நெடுஞ்சாலை நிர்வாகமும் பொதுப்போக்குவரத்து நிர்வாகமும் சேர்ந்து ஒப்புதல் தர வேண்டும். ஐந்தாம் ஆண்டில் ஒரு பணியைக் குறித்திருந்தால் அது வெறும் தகவல்.

ஸ்டிப்பிலும் பெயரைப் பார்த்த உடனே மூடிவிடாதீர்கள். அந்த வரியைக் கடைசிவரை படியுங்கள்: எந்த இடத்திலிருந்து எதுவரை, மொத்தச் செலவு எவ்வளவு, எந்த ஆண்டுக்கு எவ்வளவு கூட்டாட்சிப் பணம், பொறுப்பு யாருடையது. வடிவமைப்புக்கு மட்டும் பணம் ஒதுக்கி, கட்டுமானத்துக்கு ஒன்றும் இல்லையென்றால் ஜேசிபி இப்போதைக்கு வராது.

பெருநகரவாசிகள் செய்யும் தவறு வேறு. 50,000-க்கு மேல் மக்கள் உள்ள நகர்ப்பகுதிகளுக்கு எம்பிஓ (MPO) என்ற போக்குவரத்துத் திட்டமிடல் அமைப்பு உண்டு. தன் பகுதிக்கு அது தயாரிக்கும் பணிப்பட்டியலை, அதுவும் மாநில ஆளுநரும் ஒப்புக்கொண்டபின், மாநிலம் மாற்றாமல் அப்படியே ஸ்டிப்பில் சேர்க்க வேண்டும். ஆகவே மாநிலக் கூட்டத்தில் போய் வாதாடுவதைவிட, அதற்கு முன்பே எம்பிஓ கூட்டத்தில் பேசுவதுதான் பலன் தரும்.

ஸ்டிப்பில் ஏறிவிட்டதால் சுற்றுச்சூழல் ஆய்வு முடிந்தது என்று நினைப்பவர்களும் உண்டு. நீண்டகாலத் திட்டத்துக்கும் ஸ்டிப்புக்கும் நெபா (NEPA) என்ற தேசியச் சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டத்தின்படியான ஆய்வு கிடையாது. அது ஒவ்வொரு பணிக்கும் தனியாக வரும்.

பாதுகாப்பு, சுற்றுச்சூழல், போக்குவரத்து முறைகளுக்கிடையே இணைப்பு என மாநிலம் கருத்தில் கொள்ள வேண்டியவற்றைக் கூட்டாட்சி நெடுஞ்சாலைச் சட்டத்தின் 135-ஆம் பிரிவு பட்டியலிடுகிறது. அவற்றில் ஒன்றை விட்டுவிட்டார்கள் என்று மட்டும் சொல்லி நீதிமன்றம் போக முடியாது. அந்தச் சட்டமே தடுக்கிறது. என் பார்வையில் இதன் பெரிய ஓட்டை இதுதான்.

எம்பிஓ இல்லாத கிராமப்புறமென்றால்? அங்குள்ள உள்ளாட்சி அதிகாரிகளைக் கலந்துபேசுவதற்கென்று, பொதுமக்கள் கூட்டத்திலிருந்து வேறான எழுத்துபூர்வ நடைமுறை ஒன்றை மாநிலம் வைத்திருக்க வேண்டும். கூட்டத்துக்குப் போகும் முன் அதைக் கேட்டு வாங்குங்கள்.