ஜன்னலோரத் தொட்டியில் உப்பு பூத்தால்

ஜன்னலோரம் வைத்த புதினா, துளசியின் இலை நுனி கருகுகிறதா? உடனே உரத்தைக் கொட்டாதீர்கள். மண்ணின் மேல் வெள்ளையாகப் பூத்திருந்தால் அது உப்பு. சென்னையில் பெரும்பாலும் போர் தண்ணீரும் சரியாக அலசாத கோகோபீட்டும்தான் (தேங்காய் நார்த்தூள்) காரணம். ஆர்ஓ கழிவுநீர் இன்னும் மோசம்.

அந்த வெள்ளையை அரை அங்குல மண்ணோடு சுரண்டி எடுங்கள். 5 லிட்டர் தொட்டிக்கு 10 லிட்டர் மழைநீரோ ஏசியில் சொட்டும் நீரோ மெதுவாக ஊற்றி, அடித்துளை வழியே வடியவிடுங்கள். தட்டில் தேங்கியதைக் கொட்டிவிட வேண்டும், இல்லையென்றால் அதே உப்பை மண் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும்.

புதிதாக நிரப்புகிறீர்களா? வெறும் செம்மண் இறுகிவிடும். செம்மண், மண்புழு உரம், மூன்று முறை அலசிப் பிழிந்த கோகோபீட் சம அளவு. கூடவே ஒரு பிடி வேப்பம்புண்ணாக்கு.