பாலிசார்பேட் 60 கொண்டு முதல் லோஷன்: பிரியாமல் செய்வது எப்படி?

எண்ணெயையும் நீரையும் பிரியாமல் சேர்த்து வைக்கும் பொருளான (எமல்சிஃபையர்) பாலிசார்பேட் 60-ஐ மட்டும் எண்ணெயில் போட்டு, தண்ணீர் ஊற்றிக் கலக்கினால் வெள்ளை வெளேரென்று லோஷன் வந்துவிடும். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் மேலே எண்ணெய் மிதக்கும். வாங்கிய பொருளில் குறை இருக்காது. அதற்கு ஒரு துணை தேவை, அதைக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்தத் துணை சார்பிட்டான் ஸ்டியரேட். ஏன் என்பது பாலிசார்பேட் உருவாகும் விதத்திலேயே இருக்கிறது. சார்பிட்டால் என்ற சர்க்கரை ஆல்கஹாலிலிருந்து நீரை நீக்கினால் சார்பிட்டான். அதோடு ஸ்டியரிக் அமிலத்தைச் சேர்த்தால் சார்பிட்டான் ஸ்டியரேட். அதன் மேல் ஏறத்தாழ 20 எத்திலீன் ஆக்சைடு அலகுகளைக் கோத்தால் பாலிசார்பேட் 60. சார்பிட்டான் ஸ்டியரேட் எண்ணெயை நாடும், பாலிசார்பேட் 60 தண்ணீரை நாடும். எண்ணெய்த் துளியின் மேற்பரப்பில் இரண்டும் நெருக்கமாக அடுக்கி நிற்பதால் துளிகள் ஒன்றோடொன்று சேராமல் தடுக்கப்படுகின்றன. பாலிசார்பேட் தனியாக இருந்தால் அந்த அடுக்கில் இடைவெளி விழும்.

பெயரிலுள்ள எண்ணைப் பார்த்து "80 என்றால் 60-ஐ விட வலிமையானது" என்று நினைக்க வேண்டாம். எண் குறிப்பது கொழுப்பு அமிலத்தை: 20 லாரிக், 40 பால்மிட்டிக், 60 ஸ்டியரிக், 80 ஒலீயிக்.

சிறு கணக்கு

எமல்சிஃபையர் தண்ணீரை எவ்வளவு நாடுகிறது என்பதைச் சொல்லும் எண்ணுக்கு எச்எல்பி என்று பெயர். வில்லியம் கிரிஃபின் 1949-இல் வெளியிட்ட முறை இது. பாலிசார்பேட் 60-க்கு 14.9, சார்பிட்டான் ஸ்டியரேட்டுக்கு 4.7. ஒவ்வொரு எண்ணெய்க்கும் தேவைப்படும் எச்எல்பி என்று ஓர் எண் உண்டு. சூரியகாந்தி எண்ணெய்க்குச் சுமார் 7, லோஷனைக் கெட்டியாக்கும் மெழுகுப் பொருளான சீட்டைல் ஆல்கஹாலுக்குச் சுமார் 15.5.

நாம் எடுப்பது 12 கிராம் எண்ணெய், 3 கிராம் சீட்டைல் ஆல்கஹால். மொத்தம் 15 கிராமில் எண்ணெய் 80 சதவீதம், மற்றது 20 சதவீதம். 0.8 × 7 = 5.6; 0.2 × 15.5 = 3.1. கூட்டினால் 8.7 வேண்டும். 2 கிராம் பாலிசார்பேட் 60, 3 கிராம் சார்பிட்டான் ஸ்டியரேட் சேர்த்தால் (29.8 + 14.1) ÷ 5 = 8.78. போதுமான அளவு நெருக்கம். பட்டியல் எண்களே தோராயமானவை என்பதால் அரைப் புள்ளி முன்பின் இருந்தால் கவலைப்பட வேண்டாம்.

100 கிராமுக்கு அளவு

எண்ணெய்ப் பகுதி: சூரியகாந்தி எண்ணெய் 12, சீட்டைல் ஆல்கஹால் 3, சார்பிட்டான் ஸ்டியரேட் 3, பாலிசார்பேட் 60 2 கிராம்.

நீர்ப் பகுதி: காய்ச்சி வடித்த நீர் 74.3, கிளிசரின் 4, சாந்தன் கம் (நீரைக் கெட்டியாக்கும் பசைப்பொடி) 0.2 கிராம்.

ஆறிய பிறகு: ஃபினாக்ஸிஎத்தனால்–எத்தில்ஹெக்சில்கிளிசரின் கலந்த பிரிசர்வேடிவ் (கிருமி வளராமல் தடுப்பது) 1 கிராம், வைட்டமின் ஈ 0.5 கிராம்.

எல்லாவற்றையும் எடையில்தான் அளக்க வேண்டும். 0.1 கிராம், முடிந்தால் 0.01 கிராம் காட்டும் தராசு வேண்டும். ஸ்பூன் கணக்கு இங்கே உதவாது. பாலிசார்பேட் 60 அறை வெப்பத்தில் களிம்பு போல உறைந்திருக்கலாம். பாட்டிலை வெந்நீரில் வைத்து இளக்கி, நன்றாகக் கலக்கிய பின்பே எடுங்கள்.

செய்முறை

படி 1. பாத்திரம், கரண்டி, பிளெண்டர் தலை, பாட்டில் எல்லாவற்றையும் கழுவி உலர்த்தி, 70 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தெளித்து உலர விடுங்கள். ஆல்கஹால் முழுவதும் உலர்ந்த பிறகே அடுப்பைப் பற்றவைக்க வேண்டும்.

படி 2. சாந்தன் கம்மை முதலில் கிளிசரினில் குழைத்து, பிறகு அதில் தண்ணீரை ஊற்றிக் கலக்குங்கள். நேரே தண்ணீரில் தூவினால் மீன் கண் போலக் கட்டிகள் நிற்கும்; அவை எளிதில் கரையாது.

படி 3. நீர்ப் பாத்திரத்தை எடை பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு பகுதிகளையும் தனித்தனிப் பாத்திரத்தில், கொதிக்கும் நீர் உள்ள அகலப் பாத்திரத்துக்குள் வைத்து 75 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குங்கள். எண்ணெய்ப் பகுதியில் ஒரு செதில்கூட மிஞ்சாமல் தெளிவாக உருக வேண்டும். நீரில் ஆவியாகிக் குறைந்த எடையை வெந்நீரால் ஈடு செய்யுங்கள். இதைத் தவறவிட்டால் கணக்கு முழுவதும் மாறிவிடும்.

படி 4. இரண்டும் ஒரே சூட்டில் இருக்கும்போது நீரை எண்ணெய்க்குள் மெல்லிய தாரையாக ஊற்றிக் கலக்குங்கள். முதலில் கெட்டியாகத் திரண்டு, பிறகு சட்டென்று இளகும். எண்ணெய்க்குள் நீராக இருந்தது நீருக்குள் எண்ணெயாகத் திரும்பும் கணம் அது. துளிகள் மிக நுண்ணியதாக உடைவது அப்போதுதான்.

படி 5. ஸ்டிக் பிளெண்டரை 20 வினாடி ஓட்டி, ஒரு நிமிடம் கரண்டியால் கிளறி, மறுபடி ஓட்டுங்கள். நான்கைந்து முறை போதும். பிளெண்டர் தலை எப்போதும் திரவத்துக்குள் மூழ்கியிருக்கட்டும். மேலே வந்தால் காற்றுக் குமிழ் ஏறும்.

படி 6. இந்த இடத்தில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். சூட்டில் பாலிசார்பேட் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும் திறன் குறைந்திருக்கும். ஆற ஆறத்தான் அது திரும்ப வரும். அதுவரை மேற்பரப்பு அடுக்கு உறுதியாக இருக்காது. ஆகவே 40 டிகிரிக்கு இறங்கும்வரை விடாமல் கையால் கிளறுங்கள். குளிர்ந்த நீரில் வைத்து ஆற்றாதீர்கள். ஓரங்களில் சீட்டைல் ஆல்கஹால் படிகமாகி மணல் மணலாகிவிடும்.

படி 7. 40 டிகிரிக்குக் கீழே பிரிசர்வேடிவும் வைட்டமின் ஈ-யும் சேருங்கள். வைட்டமின் ஈ எண்ணெய் சிக்கெடுத்துப்போவதைத் தள்ளிப்போடும், அவ்வளவே. கிருமியைத் தடுக்காது. அதை நம்பிப் பிரிசர்வேடிவை விட்டுவிட வேண்டாம்.

படி 8. லோஷன் 1 பங்கு, காய்ச்சி வடித்த நீர் 9 பங்கு கலந்து பிஹெச் (அமில-கார அளவு) பாருங்கள். 5 முதல் 5.5 வரை இருந்தால் சரி. கூடுதலாக இருந்தால் சிட்ரிக் அமிலக் கரைசலை ஒவ்வொரு சொட்டாக லோஷனில் விடுங்கள். அமிலம் மிகுந்தால் பாலிசார்பேட்டின் எஸ்டர் பிணைப்பே (கொழுப்பு அமிலத்தை இணைத்திருக்கும் பிணைப்பு) காலப்போக்கில் உடையத் தொடங்கும்.

அன்றே கெட்டித்தன்மையை முடிவு செய்ய வேண்டாம். ஒரு நாள் கழிந்ததும்தான் இறுதி நிலை தெரியும்.

எங்கே கெடுகிறது?

கலக்கிக்கொண்டிருக்கும்போதே திரிந்தால், அநேகமாகத் தண்ணீரின் சூடு குறைவு. மெழுகுப் பொருட்கள் பட்டதும் உறைந்திருக்கும். மறுபடி 75 டிகிரிக்குக் கொண்டுவந்து கலக்கிப் பார்க்கலாம். மேலே ஆடை போலக் கெட்டியாகி, குலுக்கினால் சேர்ந்துவிட்டால் அது ஏடு படிவது மட்டுமே: துளிகள் பெரிதாக இருக்கின்றன, அடுத்த முறை கலக்கும் நேரத்தைக் கூட்டுங்கள். தெளிந்த எண்ணெய் தனியே நின்றால் அது உடைந்துவிட்டது. எச்எல்பி கணக்கைத் திரும்பப் பாருங்கள்.

தேய்க்கும்போது தோலில் வெள்ளை நுரைப்பட்டை ஓடினால், எமல்சிஃபையரோ சீட்டைல் ஆல்கஹாலோ அதிகம். எண்ணெய்ப் பகுதியில் 0.5 கிராம் டைமெத்திக்கோன் (ஒரு சிலிக்கோன் எண்ணெய்) சேர்த்து, அந்த அளவுக்கு நீரைக் குறைத்தால் பெரும்பாலும் அடங்கும். "பாதுகாப்புக்கு இருக்கட்டும்" என்று எமல்சிஃபையரை 8, 10 கிராமாக்குவதில் வேறொரு தீங்கும் உண்டு. பாலிசார்பேட்டின் மைசெல்கள் (அதன் மூலக்கூறுகள் நீரில் கூடி அமைக்கும் நுண் உருண்டைகள்) பிரிசர்வேடிவை உள்ளே இழுத்து முடக்கும். பாரபென் வகைப் பிரிசர்வேடிவ்களில் இது நன்கு தெரிந்த சிக்கல்.

எத்திலீன் ஆக்சைடு சேர்க்கும் வினையில் 1,4-டையாக்சேன் என்ற வேண்டாத மாசு சிறிதளவு உருவாகும்; உற்பத்தியாளர்கள் வெற்றிடத்தில் அதை நீக்குகிறார்கள். மீதம் எவ்வளவு என்று காட்டும் பகுப்பாய்வுச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். பாலிசார்பேட் பாட்டிலை இறுக மூடி, வெளிச்சம் படாமல் வையுங்கள். காற்றுப் பட்டால் அதில் பெராக்சைடு சேரும். அது லோஷனின் எண்ணெயையும் சீக்கிரம் கெடுக்கும்.

எண்ணெயை மாற்றினால் எமல்சிஃபையர் விகிதத்தையும் மாற்றியே ஆக வேண்டும். சூரியகாந்திக்குப் பதில் 12 கிராம் லேசான திரவப் பாரஃபின் எடுத்தால் அதன் தேவை சுமார் 10.5. மொத்தத் தேவை 8.4 + 3.1 = 11.5 ஆகும். அப்போது பாலிசார்பேட் 60 3.3 கிராம், சார்பிட்டான் ஸ்டியரேட் 1.7 கிராம்.