கஷ்டப்படுபவருக்குக் கொடுத்த பணமும் வரிக் கழிவும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். ராமேஸ்வரம், பாம்பன், மண்டபத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாத அந்த 61 நாளும் பல வீடுகளில் கையைப் பிசையும் நிலைதான். இலங்கைக் கடற்படையிடம் சிக்கியவரின் குடும்பம் என்றால் கேட்கவே வேண்டாம். ஊரில் இருப்பவர்களும் வளைகுடாவில் இருப்பவர்களும் தங்களால் ஆனதை அனுப்புகிறார்கள். வருமான வரிக் கணக்கு போடும்போதுதான் குழப்பம் வருகிறது.

தனி மனிதருக்குக் கொடுத்ததை 80ஜி-யில் (நன்கொடைக்கு வரிக் கழிவு தரும் வருமான வரிச் சட்டப் பிரிவு) காட்டுவதுதான் பெரிய தவறு. மீனவர் மனைவியின் வங்கிக் கணக்கில் 10,000 ரூபாய் போட்டதற்கு ஆதாரம் இருந்தாலும் கழிவு கிடையாது. கீழக்கரையில் ஏழை வீட்டில் நேரடியாகச் சேர்த்த ஜகாத்துக்கும் அப்படியே. சட்டம் பார்ப்பது 80ஜி பதிவுள்ள அமைப்பையும் அரசு நிவாரண நிதிகளையும் மட்டுமே. அதற்காகக் கொடுக்காமல் இருந்துவிடாதீர்கள். பசிக்குக் கொடுப்பதைக் கழிவைப் பார்த்துக் கொடுக்கக் கூடாது, அவ்வளவுதான்.

எந்த வரி முறையில் இருக்கிறீர்கள் என்று முதலில் பாருங்கள். 2023-24 முதல் புதிய முறைதான் இயல்பானது. அதில் 80ஜி கழிவு இல்லை. பழைய முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கே மற்றதெல்லாம். (80ஜி என்பது 1961 சட்டத்தின் எண். 2026 ஏப்ரல் 1 முதல் 2025-இன் புதிய சட்டம் என்பதால் அதில் எண்கள் வேறு.)

அப்புறம், தெருவே சேர்ந்து வசூலிக்கும் பணம். இருபது பேர் ஆளுக்கு ஆயிரம் கொடுக்க, ஒருவர் மொத்தமாக ஜிபே-யில் அறக்கட்டளைக்கு அனுப்புகிறார். அறக்கட்டளை வருமான வரித் துறைக்குத் தரும் விவரத்தில் அவர் பெயரும் பான் எண்ணும்தான் ஏறும். நன்கொடைக்கான 10பிஇ சான்றிதழும் அவருக்கே வரும். மற்ற பத்தொன்பது பேர் கணக்கில் காட்டினால் எதனோடும் பொருந்தாது. கழிவு வேண்டும் என்றால் அவரவர் கணக்கிலிருந்து, அவரவர் பான் எண்ணோடு அனுப்புங்கள். துபாயிலிருந்து மகன் அனுப்பிய நன்கொடைக்கு அப்பா பெயரில் ரசீது வாங்குவதும் இதே சிக்கல்தான்.

2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு இல்லை. அரிசி மூட்டையும் துணிமணியும் எங்கே கொடுத்தாலும் கணக்கில் வராது.

கழிவு கிடைக்குமா என்று கேட்டால் அறக்கட்டளை சொல்லும் “12ஏ பதிவு இருக்கிறது” என்ற பதிலோடு திருப்தி அடையாதீர்கள். அது அமைப்பின் வருமானத்துக்கான விலக்கு. உங்களுக்குத் தேவை 80ஜி. ஒரு மதத்தாருக்கு மட்டும் அல்லது ஒரு சாதியாருக்கு மட்டும் என்று நடக்கும் அமைப்புகளுக்குப் பொதுவாக அது கிடைப்பதில்லை.

கொடுத்தது முழுவதும் கழியும் என்றும் நினைக்க வேண்டாம். முதலமைச்சர் பொது நிவாரண நிதிக்கு 100 சதவீதம். சாதாரண அறக்கட்டளைக்கு 50 சதவீதம்; அதுவும் மற்ற கழிவுகள் போன வருமானத்தில் 10 சதவீதம் வரைதான் கணக்கில் எடுப்பார்கள். அந்த வருமானம் 8 லட்சம் என்றால் 80,000 வரை எடுத்து, அதில் பாதி, 40,000 கழியும்.

ரசீது மட்டும் தருகிறோம், பணத்தைத் திருப்பித் தருகிறோம் என்று வருபவர்களை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். பொய்க் கழிவு பிடிபட்டால், தவிர்த்த வரியில் 200 சதவீதம் அபராதம் வரலாம்.

வாங்குபவர் பக்கமும் ஒன்று இருக்கிறது. அறுவை சிகிச்சைக்காக ஒருவர் கணக்கில் உறவினர் அல்லாதோர் போட்ட பணம் ஓராண்டில் 50,000-ஐத் தாண்டினால், முழுத் தொகையும் அவருடைய வருமானமாகக் கணக்காகும். சிறிய தொகை என்றால் பெரும்பாலும் வரி வராது. லட்சக்கணக்கில் திரட்டுவதானால், பதிவுபெற்ற அறக்கட்டளையே மருத்துவமனையில் நேரடியாகக் கட்டும்படி ஏற்பாடு செய்வது நல்லது.