கிராமக் கழிவுநீருக்குச் செயற்கை ஈரநிலம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் ஓர் ஊராட்சியில், கழிவுநீரைத் தூய்மையாக்க ஜல்லி நிரப்பிச் செடி நட்டுப் புதிதாக அமைத்த ஈரநிலப் படுகையைப் பார்க்கச் சென்றிருந்தேன். கல்வாழை செழித்துப் பூத்திருந்தது. ஆனால், ஜல்லிக்கு மேலே இரண்டு விரற்கடை உயரத்துக்குக் கறுத்த நீர் தேங்கி நின்றது. ‘மேலே தண்ணீர் நின்றால் செடிக்கு நல்லதுதானே, சார்?’ என்று ஊராட்சிச் செயலர் கேட்டார். பல ஆண்டுகளுக்கு முன் நான் செய்த பிழை அப்படியே திரும்பச் செய்யப்பட்டிருந்தது. கசியும் குழாய், பட்டுப்போன செடி போன்றவற்றை எவரும் தாமே கண்டுகொள்வார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

படிவுத் தொட்டியைச் சுருக்குதல்

மதிப்பீட்டுத் தொகை மீறும்போது முதலில் வெட்டுப்படுவது, படுகைக்கு முன்னால் கசடு தங்குவதற்காக வைக்கும் படிவுத் தொட்டிதான். பார்க்க வருபவர்களின் கண்ணில் படுவது செடியும் ஜல்லியும்; தொட்டியோ மண்ணுக்குள் மறைந்திருக்கிறது. நானும் அன்று தொட்டியை நீக்கிவிட்டு, மூன்றடிச் சதுரத்தில் ஒரு சிறிய குழியோடு நிறுத்திக்கொண்டேன். பாத்திரம் துலக்கிய சாம்பல், சோற்றுக் கஞ்சி, மாவு, எண்ணெய்ப் பிசுக்கு, தெருமண் என எல்லாமே அக்குழியைத் தாண்டிப் படுகைக்குள் நுழைந்தன.

படுகையின் கொள்ளளவில் கற்களின் இடைவெளி ஏறக்குறைய 35 முதல் 40 விழுக்காடுதான். நீர் ஊர்ந்து செல்வதும், கல்லிலும் வேரிலும் ஒட்டிய நுண்ணுயிர்கள் அதைத் தூய்மையாக்குவதும் அந்த இடைவெளியில்தான் நடக்கின்றன. அது அடைபட்டால் நீர் மேலே ஏறி, ஜல்லியின் முதுகில் ஓடி, எந்தச் சுத்திகரிப்பும் இன்றி வெளியேறிவிடும், கொசுவும் பெருகும். எட்டாவது மாதம் தோண்டியபோது, நுழைவாயிலை அடுத்த இரண்டு மீட்டர் முழுவதும் அழுகிய முட்டை நாற்றத்தோடு, கறுப்புப் பசையால் ஒட்டிக்கொண்ட ஒரே பாளமாக இருந்தது. அந்த ஜல்லியை அள்ளிக் கழுவி மீண்டும் நிரப்பக் கொடுத்த கூலி, தொட்டி கட்டியிருந்தால் ஆகியிருக்கும் செலவைத் தாண்டிவிட்டது. இன்னும் எனக்கு ஆறாத பிழை இது.

கணக்கு எளிது. ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். அதில் மூன்றில் இரண்டு பங்கு கழிவுநீராகத் திரும்பும் என்று கொண்டால், 400 பேருக்குச் சுமார் 15,000 லிட்டர் வரும். அதில் பெரும்பகுதி காலை மூன்று மணி நேரத்திலேயே வந்துவிடுவதால், சராசரியை நம்பக் கூடாது. அரை நாள் நீரைத் தாங்கும் தொட்டியை, அதாவது 7,500 லிட்டர் கொள்ளளவில், எண்ணெயும் நுரையும் தாண்டாதபடி தடுப்புச்சுவர் வைத்து இரண்டு அறைகளாகக் கட்டுங்கள்.

கழுவாத ஜல்லி

கிரஷர் தூசியோடு கொட்டாதீர்கள்.

கழிப்பறை நீரைச் சேர்த்தல்

குளியல், சமையல் நீருக்காகக் கணக்கிட்ட படுகை, செப்டிக் டேங்கின் வழிநீரைத் தாங்காது. வாய்க்காலில் அப்படிச் செருகப்பட்ட குழாய்களை, ஒவ்வொரு வீட்டின் பின்புறமும் நடந்து பார்த்த பிறகே வரைபடம் போட வேண்டும்.

சட்டத்தைக் கடைசியில் நினைத்தல்

1974ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, ஓடையிலும் கிணற்றிலும் மாசு கலப்பதைத் தடை செய்கிறது. கிராமம் என்பதற்காக விலக்கு இல்லை. சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் பொதுத் தரவரம்பின்படி, நீர்நிலையில் விடும் நீரில் பி.ஓ.டி. எனப்படும் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை (மட்கும் கழிவு எவ்வளவு கலந்திருக்கிறது என்பதன் அளவுகோல்) லிட்டருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. பாசன நிலத்துக்கு விடுவதானால் 100 வரை அனுமதி உண்டு. ஆகவே நீர் ஏரிக்குப் போகிறதா, தென்னந்தோப்புக்குப் போகிறதா என்பதை முடிவு செய்யாமல் படுகையின் பரப்பை முடிவு செய்ய இயலாது.

இடமும் அப்படியே. காலியாகக் கிடக்கிறது என்று ஏரிப் புறம்போக்கில் கட்டிவிடாதீர்கள். ஏரி ஆக்கிரமிப்பை அகற்றுவதற்கென்றே தமிழ்நாட்டில் 2007இல் தனிச் சட்டம் வந்திருக்கிறது.

தொட்டிக்குள் ஆளை இறக்குதல்

செப்டிக் டேங்கிலும் பாதாளச் சாக்கடையிலும் பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதை, கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துள்ளது. படிவுத் தொட்டியின் அடியில் தேங்குவதும் அதே நச்சு வாயுதான். அகலமான மூடியும், உறிஞ்சு வண்டியின் குழாய் எட்டும் வழியும் வரைபடத்திலேயே இருக்கட்டும்.