சுகர் டெஸ்ட்: லேப்புக்குப் புதுசா வர்றவங்க தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் புதுசா போஸ்டிங் வாங்கிட்டு வர்ற லேப் தம்பி தங்கச்சிங்களப் பாக்குறேன், நாங்க வந்த புதுசுல பண்ணின அதே தப்ப அப்படியே பண்றாங்க, யாரும் உக்கார வெச்சு சொல்லித் தரல, அதான் எழுதுறேன். பேர் மாத்தி ஒட்டுறது, எக்ஸ்பைரி ஆன மீட்டர் ஸ்ட்ரிப், இதெல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுடறேன்.

எடுத்த ரத்தத்தை அப்படியே போட்டு வெக்கிறது

இன்னைக்கும் இதப் பாத்தா எனக்குக் கோபம் வருது. டியூப்ல எடுத்துட்டா சுகர் அப்படியே நிக்கும்னு நினைக்கிறாங்க. நிக்காது. உள்ள இருக்குற செல்லெல்லாம் உயிரோடதான் இருக்கு, குளுக்கோஸைத் தின்னுக்கிட்டேதான் இருக்கும், ரூம்ல சும்மா வெச்சிருந்தாலே மணிக்கு 5ல இருந்து 7 சதவீதம் குறையும், நம்ம ஊரு மே மாச வெயில்ல இன்னும் வேகமா குறையும்.

ஒரு கேம்ப்ல காலைல 7 மணிக்கு வெறும் வயித்துல ரத்தம் எடுத்தாங்க, எல்லாமே சிவப்பு மூடி ப்ளைன் டியூப் (சுகர் குறையாம தடுக்கிற மருந்து இல்லாதது), ரேக்கோட ஜீப்ல பின்சீட்டுலயே கிடந்துச்சு, லேப்ல இருக்குற பெரிய மெஷின், அனலைசர்ல ஏத்தும்போது மணி 12 தாண்டிருச்சு. அதுல ஒரு விவசாயி அண்ணன், அவருக்கு அங்கயே சிஸ்டர் விரல்ல குத்தி குளுக்கோமீட்டர்ல பாத்தப்போ 164. பிரிண்ட் ஆகி வந்த ரிப்போர்ட்ல 113. உடனே எல்லாரும் மீட்டர்தான் சரியில்லன்னு முடிவு பண்ணிட்டாங்க, ஏன்னா பெரிய மெஷின் பேப்பர்ல அடிச்சுக் குடுத்துருக்குல்ல. "சுகர்லாம் இல்லண்ணே, லேசா பார்டர்"னு அனுப்பி வெச்சாங்க. அடுத்த வருஷம் கால்ல ஆறாத புண்ணோட வந்தாரு, சுகர் 300க்கு மேல. வெறும் வயித்துல 126 வந்தாலே சர்க்கரை நோய்க் கணக்கு, அந்த இடத்துல 50 பாயின்ட் டியூப்லயே காணாமப் போனா என்ன ஆகும்?

இந்தத் தப்பு ஒரே பக்கம்தான் சாயும், நோய் இருக்கிறவரை இல்லன்னு காட்டும். நல்ல ரிப்போர்ட்னு சந்தோஷமா வீட்டுக்குப் போறவர் யாரும் திரும்பி வந்து கேக்க மாட்டாரு, அதனாலதான் இது வருஷக்கணக்கா யார் கண்ணுலயும் படாம ஓடுது.

சாம்பல் மூடி ஃப்ளோரைடு டியூப்ல எடுங்க (செல்லுங்க குளுக்கோஸைத் தின்னாம தடுக்கிற மருந்து உள்ளயே இருக்கும்), எடுத்ததும் எட்டு பத்து தடவ மெதுவா கவுத்து நிமித்துங்க, இல்லன்னா மருந்து அடியிலயே ஒட்டிக்கும். அதையும் முழுசா நம்பிடாதீங்க, ஃப்ளோரைடு சரியா பிடிக்கவே ஒண்ணு ரெண்டு மணி நேரம் ஆகும், அதுக்குள்ளயும் கொஞ்சம் குறையும், அதனால ஐஸ் போட்ட பாக்ஸ்ல வைங்க (தடுப்பூசி கேரியரைத் தொடாதீங்க, தனி பாக்ஸ்), முடிஞ்சா அரை மணிக்குள்ள சென்ட்ரிஃபியூஜ்ல (வேகமா சுத்துற மெஷின்) போட்டு, செல்லெல்லாம் அடியில தங்கினதும் மேல நிக்கிற தண்ணி மாதிரியான பிளாஸ்மாவைப் பிரிச்சிடுங்க. கரண்ட் இல்லையா, அங்கயே மீட்டர்ல பாத்து எழுதிடுங்க. டியூப் மேல ரத்தம் எடுத்த நேரம் கட்டாயம் இருக்கணும். மீட்டரும் ரிப்போர்ட்டும் இவ்ளோ தள்ளி வந்தா மொதல்ல அந்த நேரத்தைப் பாருங்க.

அதே ஃப்ளோரைடு டியூப்ல யூரியாவும் பாக்குறது

பாக்காதீங்க. யூரியாவை அளக்கப் பயன்படுற யூரியேஸ் என்சைமை ஃப்ளோரைடு தடுக்கும், யூரியா கம்மியா காட்டும்.

ஸ்ட்ரிப் டப்பா

ஸ்ட்ரிப்பை எடுத்த கையோட டப்பாவை மூடுங்க.

விரல்

2021ல மக்களைத் தேடி மருத்துவம் வந்ததுல இருந்து வீட்டு வாசல்லயே குத்திப் பாக்குறாங்க, நல்ல விஷயம், ஆனா மாம்பழம் சாப்பிட்ட கைய ஸ்பிரிட் பஞ்சால ஒரு இழுப்பு இழுத்தா பத்தாது. சோப்பு போட்டுக் கழுவி நல்லா காயணும். விரலைப் போட்டுப் பிழியவும் கூடாது.

ரத்தசோகையை மறந்துடறது

ஹீமோகுளோபின் 7, 8ன்னு இருக்குற அம்மாவுக்கு மீட்டர்ல சுகர் உள்ளதை விடக் கூடவே காட்டலாம். இரும்புச்சத்து கம்மியா இருந்தா எச்பிஏ1சியும் (ரெண்டு மூணு மாச சராசரி சுகரைக் காட்டுற டெஸ்ட்) உள்ளதை விடக் கூடக் காட்டலாம். அதனால அவங்களுக்கு இந்த நம்பரை மட்டும் வெச்சு மாத்திரை ஆரம்பிக்காம, நரம்புல எடுத்து லேப்ல ஒருக்கா பாத்துடணும், ஹீமோகுளோபினையும் அதே ரிப்போர்ட்ல எழுதிடுங்க, டாக்டர் கண்ணுல படும்.

கர்ப்பிணிங்களுக்கு நேரம் தப்புறது

75 கிராம் குளுக்கோஸ், 300 மில்லி தண்ணி, 10 நிமிஷத்துக்குள்ள குடிச்சிடணும், சரியா 2 மணி நேரம் கழிச்சு ரத்தம், 140 வந்தா கர்ப்பகால சர்க்கரை. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு ஒன்றரை மணிலயே குத்துறதும், சாப்பிட்டு வாங்கன்னு வெளிய அனுப்புறதும் வேண்டாம், அந்த 2 மணி நேரமும் நம்ம கண்ணு முன்னாடி உக்காந்திருக்கட்டும், ஃபேனுக்குக் கீழ இடம் போட்டுக் குடுங்க. அரை மணிக்குள்ள வாந்தி எடுத்துட்டா அன்னைக்கு டெஸ்ட் செல்லாது, மறுநாள் திரும்பப் பாக்கணும்.