‘ஜி’ என்று மட்டும் கையெழுத்திட்ட கடிதங்கள்: ஒரு போர்க்காலக் காதல் கட்டைப் பிரித்து, அடுக்கி, படிப்பது எப்படி

இங்கிலாந்தில் ஆஸ்வெஸ்ட்ரி என்ற சிற்றூரின் அருங்காட்சியகத்தில் இரண்டாம் உலகப் போர்க்காலக் காதல் கடிதங்கள் அறுநூறுக்கு மேல் இருக்கின்றன. எல்லாம் கில்பர்ட் பிராட்லி என்ற பீரங்கிப்படை வீரரிடம் இருந்தவை. ‘ஜி’ என்ற ஒற்றை எழுத்துதான் கையெழுத்து. முதலில் பார்த்தபோது காதலி எழுதியவை என்றே நினைத்தார்கள். எழுதியவர் கார்டன் பவுஷர், அவரும் படைவீரர். அன்றைய பிரிட்டனில் ஆணும் ஆணும் உறவு கொள்வது சிறைத்தண்டனைக்குரிய குற்றம். கடிதங்களை அழித்துவிடும்படி கார்டன் கேட்டும் கில்பர்ட் அழிக்கவில்லை. 2008இல் அவர் இறந்த பிறகே அவை வெளியே வந்தன.

இப்படிப்பட்ட கட்டு இன்னும் எத்தனையோ பரண்களில் இருக்கும். கையில் கிடைத்தால் உடனே படிக்க உட்காராதீர்கள். கயிற்றை அவிழ்க்கும் முன் நாலாபக்கமும் படம் எடுங்கள். பிறகு மேலிருந்து கீழாக ஒவ்வொரு உறையின் மூலையிலும் மெல்லிய பென்சிலால் எண் போடுங்கள். கட்டி வைத்தவர் எந்த வரிசையில் வைத்தார் என்பதும் ஒரு சான்று. ஒருமுறை கலைத்தால் திரும்பாது. கையுறை வேண்டாம். துணியில் தாளின் ஓரம் மாட்டிக் கிழியும். சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்த கை போதும்.

துருப்பிடித்த குண்டூசியைச் சட்டென்று உருவக் கூடாது. தாளுக்கும் ஊசிக்கும் நடுவே மெல்லிய பாலியெஸ்டர் தகடு ஒன்றைச் செருகி, மெதுவாக அசைத்து எடுங்கள். மடிப்பு விறைத்திருந்தால் நீராவி காட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். செய்யாதீர்கள். அந்தக் காலத்துப் படைவீரர்கள் பலர் ‘காப்பியிங் பென்சில்’ வைத்திருந்தார்கள். காய்ந்திருக்கும்போது சாதாரணப் பென்சில் எழுத்துபோலச் சாம்பலாகத் தெரியும். ஒரு துளி ஈரம் பட்டதும் ஊதாவாகப் பூத்துப் பரவி, சொல்லையே விழுங்கிவிடும். தாளில் எங்காவது ஊதாப் புள்ளி தெரிந்தால் ஈரத்தை அண்டவே விடாதீர்கள்.

மை எழுத்துக்குப் பாலியெஸ்டர் உறை நல்லது. பென்சில் எழுத்துக்கு ஆகாது, நிலைமின்சாரம் கரித்தூளை இழுத்துவிடும். அதற்கு அமிலமற்ற தாள் மடிப்பு. லேமினேஷன், செல்லோடேப், ரப்பர்பேண்ட் மூன்றையும் கிட்டவே சேர்க்காதீர்கள். ஈரப்பதம் 35 முதல் 50 சதவீதம், வெப்பம் 20 டிகிரிக்குள் இருந்தால் தாள் நீண்ட நாள் தாங்கும். ஸ்கேன் 400 டிபிஐ (அங்குலத்துக்கு 400 புள்ளி), பொடி எழுத்தானால் 600, டிஃப் (TIFF) கோப்பாக. உறையின் பின்பக்கத்தையும் விடாதீர்கள்.

அடுத்தது தேதி. போர்க்காலக் கடிதத்தில் ஆண்டு பெரும்பாலும் இருக்காது, கிழமை இருக்கும். ‘வியாழன், மார்ச் 14’ என்றிருந்தால் 1939 முதல் 1945 வரை அது 1940இல் மட்டுமே பொருந்தும். தபால்தலையும் உதவும். பிரிட்டனுக்குள் செல்லும் கடிதத்தின் கட்டணம் 1940 மே 1 முதல் ஒன்றரைப் பென்னியிலிருந்து இரண்டரைப் பென்னியாக ஏறியது. கடல்கடந்த படைகளுக்குச் சலுகைக் கட்டணம் இருந்தது. அந்த உறைகளில் இந்தக் கணக்கை வைத்துப் பார்க்காதீர்கள். படைகளுக்கென இயங்கிய கள அஞ்சலகத்தின் முத்திரையில் ஊர்ப்பெயர் இருக்காது, எண்தான் இருக்கும். எண்ணை அப்படியே எழுதிக்கொண்டு பிறகு கள அஞ்சலக எண்களின் பட்டியலில் தேடுங்கள்.

இனிதான் நுணுக்கமான இடம்: சந்திப்புத் திட்டங்கள். இருவரும் படையில் இருந்தால் இரண்டு லீவும் ஒரே நாளில் விழ வேண்டும். 48 மணி நேர பாஸா, ஏழு நாள் லீவா, கப்பலேறும் முன் கிடைக்கும் லீவா என்பதைப் பொறுத்து ஊர், ரயில், தங்குமிடம் எல்லாம் மாறும். ஒரு நோட்டில் ஐந்து நெடுவரிசை போடுங்கள்: எழுதிய நாள், கைக்குக் கிடைத்த நாள், சொன்ன சந்திப்பு நாள், இடம், நடந்ததா இல்லையா. கிடைத்த நாளுக்குத் தனி நெடுவரிசை கட்டாயம். 1940இல் மத்தியதரைக் கடல் வழி அடைபட்ட பிறகு மத்தியக் கிழக்குக்கு ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போன கப்பல் தபால் மாதக்கணக்கில் எடுத்தது. 1941இல் தொடங்கிய ‘ஏர்கிராஃப்’ என்ற தபால் சேவை, கடிதத்தைப் படச்சுருளாக்கி விமானத்தில் அனுப்பிச் சின்னத் தாளில் அச்சிட்டுக் கொடுத்தது. அதனால் பிந்தி எழுதிய ஏர்கிராஃப் முந்திப் போய்ச் சேரும். ‘நீ கேட்டதற்குப் பதிலே வரவில்லையே’ என்ற கோபத்தைப் படிக்கும்போது, அந்தப் பதில் அப்போது எந்தக் கடலில் இருந்தது என்று முதலில் பாருங்கள்.

அதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு. பிரிட்டனுக்குள் இருந்தவரை உருகி உருகி எழுதியவர், கடல் தாண்டியதும் வானிலையும் சாப்பாடும் மட்டும் எழுதுவார். காதல் ஆறிவிட்டது என்று குறிப்பெழுதிவிடாதீர்கள். வெளிநாட்டில் சாதாரணச் சிப்பாயின் கடிதத்தை அவருடைய பிரிவு அதிகாரியே படித்துத் தணிக்கை செய்வார். மறுநாள் காலை அதே அதிகாரியின் முன்தான் அணிவகுப்பில் நிற்க வேண்டும். சொந்த விஷயம் மட்டுமே எழுதியிருக்கிறேன் என்று உறுதியளித்து அனுப்பும் பச்சை உறை ஒன்று இருந்தது. அதையும் வேறிடத்துத் தணிக்கையாளர் பிரித்துப் பார்க்கக்கூடும். எனவே ஒவ்வொரு கடிதத்துக்கும் எதிரே ‘யார் கண்ணில் பட்டிருக்கும்’ என்று குறித்துவைத்து, அதன் பிறகு அதன் தொனியை எடைபோடுங்கள்.

நகலெடுக்கும்போது ‘ஜி’யை ‘ஜி’யாகவே எழுதுங்கள். பெயர் உறுதியானாலும் அதைச் சதுர அடைப்புக்குள் போடுங்கள். அடித்த வரி, கத்தரித்த ஓட்டை எல்லாவற்றையும் குறியுங்கள்.

வெளியிட நினைத்தால் ஒன்றைக் கவனியுங்கள். தாள் உங்களுடையதாக இருக்கலாம், ஆனால் காப்புரிமை எழுதியவரின் வாரிசுகளுக்கே. பிரிட்டனில் எழுதியவர் 1969க்கு முன் இறந்து, கடிதம் 1989 ஆகஸ்ட் 1 வரை அச்சேறாமல் இருந்தால், அந்த உரிமை 2039 முடியும்வரை நீடிக்கும். 1969இலோ அதற்குப் பின்னோ இறந்தவர் என்றால் இறந்த ஆண்டின் முடிவிலிருந்து 70 ஆண்டு. வாரிசுகளைத் தேடி எழுதுங்கள். முதல் கடிதத்தில் மூலத்தின் நகலை இணைக்காமல், என்ன இருக்கிறது என்று மட்டும் மென்மையாகச் சொல்லுங்கள். அந்தக் குடும்பத்துக்கு இது இதுவரை தெரியாமலே இருந்திருக்கலாம்.